இருவாச்சி திரும்பி வந்த தீவு

சிராங்கூன் சாலை என்னும் பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். தீபாவளிக்கு ஒளியலங்காரம் காணும் சாலை அது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும் சாலையும் அதுவே. அந்தப் பெயருக்குள் ஒரு பறவை இருக்கிறது என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? சிராங்கூன் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் வாழ்ந்த ஒரு பறவையை மலாய் மக்கள் 'ரங்கோங்' என்று அழைத்தனர். அதிலிருந்தே சிராங்கூன் என்ற ஊர்ப்பெயர் பிறந்தது என்பது பலராலும் ஏற்கப்பட்ட விளக்கம். கருமுதுகும் வெண்மார்பும் நீண்ட கூரிய அலகும் உடைய பறவை என்று அதனை வருணிக்கின்றனர். இன்று அச்சாலையில் அந்தப் பறவையும் இல்லை, சதுப்பும் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

சிங்கப்பூர் வரலாற்றில் இவ்வாறு மறைந்துபோன உயிரினங்கள் பல. மறைந்தபின் திரும்பி வந்தவை மிகச் சில. அந்தச் சிலவற்றுள் ஒன்றான இருவாச்சிப் பறவையின் வரலாற்றை ஆசிரியப் பெருமக்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வரலாற்றில் நம் முன்னோருக்கும் பங்குண்டு. நம் தமிழுக்கும் ஒரு பணி காத்திருக்கிறது.

இருவாச்சி என்னும் பறவை

பெரிய வளைந்த அலகும், அதன்மேல் இன்னோர் அலகை வைத்தாற்போன்ற கொண்டையும் கொண்டது இருவாச்சி. இரண்டு வாய் உள்ளது போன்ற தோற்றத்தால் 'இருவாய்ச்சி' எனப்பட்டு, அதுவே இருவாச்சி என மருவியது என்பர். மலைமொங்கான் என்றும் இதற்கு ஒரு பெயருண்டு. தென்னமெரிக்காவின் டூக்கான் பறவையைப் படத்தில் கண்ட பிள்ளைகள் இரண்டும் ஒன்றென்றே எண்ணுவர். உண்மையில் இவை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இருவாச்சிக் குடும்பத்தின் அறுபதுக்கு மேற்பட்ட இனங்களும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அவற்றை அடுத்த தீவுகளிலுமே வாழ்கின்றன.

கனத்த அலகைச் சுமக்க வேண்டியிருப்பதால் இதன் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் ஒன்றாக இணைந்துள்ளன. பறவை உலகில் இந்த அமைப்பு இருவாச்சிக்கு மட்டுமே உரியது. கண்களுக்கு நீண்ட இமைமயிர் உண்டு. அவையும் உருமாறிய இறகுகளே. அத்திப் பழங்களே இதன் முதன்மை உணவு. பழத்தை விழுங்கிப் பறந்து சென்று, தொலைவில் விதையைக் கக்கியோ கழித்தோ விடுவதால், காட்டில் மரங்கள் பரவ இருவாச்சி பெருந்துணை புரிகிறது. பெரிய விதைகளை விழுங்கவல்ல பறவைகள் காட்டில் மிகக் குறைவு. ஆகவே இருவாச்சி அற்றுப்போன காட்டில் சில மரங்களுக்கு அடுத்த தலைமுறையே அரிதாகிவிடுகிறது.

இதன் இல்லறம் வியப்புக்குரியது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்துகொள்கிறது. தன் எச்சம், பழச்சக்கை, மண் ஆகியவற்றைக் குழைத்துப் பொந்தின் வாயிலை அடைக்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். அதன் வழியே ஆண் பறவை நாள்தோறும் பலமுறை வந்து உணவு ஊட்டும். தொண்டைக்குள் அடக்கிவந்த அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து தன் துணைக்குக் கொடுக்கும். சிங்கப்பூரில் காணப்படும் கருப்பு வெள்ளை இருவாச்சியில் இந்தச் சிறைவாசம் ஏறத்தாழ மூன்று மாதம் நீள்கிறது. அக்காலத்தில் ஆண் பறவை மடிந்துவிட்டால் பொந்திலுள்ள குடும்பத்தின் நிலை கடினமே.

ஒன்றை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். மரங்கொத்தியைப் போல இருவாச்சியால் தானே பொந்து குடைய இயலாது. இயற்கையாகப் பொந்து விழுந்த முதிய மரம் அதற்கு வேண்டும். அத்தகைய மரம் உருவாக ஒரு மனித ஆயுளுக்கும் மேலாகலாம். அதனை வெட்டிச் சாய்க்க ஒரு பகல் போதும்.

காடு கரைந்த கதை

1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வந்திறங்கியபோது இத்தீவின் பெரும்பகுதி காடாகவே இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் காம்பியர் தோட்டங்கள் பெருகின. தோல் பதனிடவும் சாயமேற்றவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட பொருள் காம்பியர். அதன் இலைகளைக் கொப்பரையில் இட்டுப் பல மணி நேரம் காய்ச்ச வேண்டும். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். ஆகவே பயிரிடுவதற்கு ஒரு பங்கு காடு, அடுப்பெரிக்க இன்னொரு பங்கு காடு என இரு வழியிலும் மரங்கள் வீழ்ந்தன. சில ஆண்டுகளில் மண் சாரமிழந்ததும், தோட்டக்காரர்கள் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குச் சென்றனர்.

இதே காலத்தில் நம் முன்னோரும் இங்கு வந்தனர். 1825ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பென்கூலனிலிருந்து முதல் தொகுதி இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்தவரும் வங்காளத்தவரும் அவர்களுள் இருந்தனர். அடுத்த அரை நூற்றாண்டில் இத்தீவின் சாலைகள், பாலங்கள், கட்டடங்கள் பலவற்றை எழுப்பியவை அவர்களுடைய கைகளே. புனித ஆண்ட்ரூ தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அவர்கள் உழைப்பின் சான்றுகளாக இன்றும் நிற்கின்றன. சதுப்பைத் தூர்த்தவர்களும் காட்டைத் திருத்திச் சாலை அமைத்தவர்களும் அவர்களே. தோட்டத் தொழிலாளர்களைப் புலிகள் அடித்துச் சென்ற காலத்தில், 1859இல் புலி வேட்டைக்காகவும் கைதிகளைக் கொண்டே ஒரு குழு அமைத்தனர். 1873ஆம் ஆண்டில் அந்தக் கைதிமுறை முடிவுக்கு வந்தது.

சிராங்கூன் சாலைப் பகுதியில் அரசின் செங்கற்சூளை இயங்கியது. வீரமாகாளியம்மன் கோயிலை 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று முதியோர் அழைத்ததை நம்மிற் பலர் கேட்டிருப்போம். சுண்ணாம்புக் காளவாய்களில் பாடுபட்ட தொழிலாளர்கள் அங்கே வாழ்ந்தமையால் வந்த பெயர் அது. செங்கல்லும் சுண்ணாம்பும் வெந்தால்தான் நகரம் எழும். அவை வேக நெருப்பு வேண்டும். தேக்காவின் தொடக்கால வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அடுப்பில் எரிந்த காட்டையும் சேர்த்துச் சொல்வதே முழுமையான வரலாறாகும் என்பது என் கருத்து. அம்மக்களைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. விலங்கு பூட்டிய கால்களோடும் நாட்கூலியோடும் வந்தவர்களுக்குக் காட்டை வெட்டுவதா விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை இருக்கவில்லை.

1854ஆம் ஆண்டு இயற்கையறிஞர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சிங்கப்பூருக்கு வந்து புக்கிட் தீமா காட்டில் வண்டுகளைச் சேகரித்தார். அச்சிறு பகுதியில் மட்டும் எழுநூறு வகை வண்டுகள் கிடைத்ததாக அவர் எழுதியுள்ளார். பின்னர் சுமத்ராவில், பொந்துக்குள் அடைபட்டிருந்த தாய் இருவாச்சியையும் இறகே முளைக்காத அதன் குஞ்சையும் அவருடைய வேட்டையாட்கள் கொண்டுவந்த செய்தியையும் பதிவு செய்துள்ளார். ஆனால் அவர் சிங்கப்பூரில் வண்டு தேடிய அதே பத்தாண்டில்தான், அதாவது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான், கருப்பு வெள்ளை இருவாச்சி இத்தீவிலிருந்து மறைந்தது எனக் கருதப்படுகிறது.

1883இல் நத்தானியேல் காண்ட்லி என்பவர் காடுகளின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை அளித்த பின்னரே காப்புக் காடுகள் ஒதுக்கப்பட்டன. அதற்குள் பெரும்பகுதி அழிந்துவிட்டது. இன்றுவரை சிங்கப்பூர் இழந்த இயற்கை வாழிடம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

உபின் தீவில் ஓர் இணை

ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1994ஆம் ஆண்டில் புலாவ் உபின் தீவில் ஓர் இணை இருவாச்சிகள் தென்பட்டன. ஜொகூர்க் காடுகளிலிருந்து நீரிணையைக் கடந்து அவை பறந்து வந்திருக்க வேண்டும்.

உபின் கன்னிக் காடன்று. கருங்கல் உடைத்த தீவு அது. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் ஜொகூர்ப் பாலத்துக்கும் கல் தந்த தீவு. ரப்பர்த் தோட்டங்களும் சிற்றூர்களும் இருந்த இடம். கல்லுடைப்பு ஓய்ந்து, மக்கள் பெருநிலத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்த பின்னர், தோட்டங்கள் மெல்லக் காடாயின. அத்தியும் பனையும் பழம் தந்தன. இருவாச்சிக்கு உணவு கிடைத்தது. எனினும் அவற்றின் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு பெருகவில்லை.

காரணம் பொந்துப் பஞ்சம். புதிதாக வளர்ந்த காட்டில் மரங்கள் இளையவை. ஒரு குடும்பம் அடைபட்டு வாழும் அளவுக்குப் பெரிய பொந்துள்ள முதிய மரங்கள் அங்கு மிகக் குறைவு. நூற்றாண்டுக்கு முன் வெட்டப்பட்ட மரங்களின் இன்மையை இன்றைய பறவை உணர்ந்தது. பசுமை திரும்பிவிட்டால் எல்லாம் திரும்பிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இருவாச்சியின் வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

பொந்து செய்து கொடுத்தவர்கள்

2004ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இருவாச்சித் திட்டம் தொடங்கியது. தேசியப் பூங்காக் கழகமும் ஜூரோங் பறவைப் பூங்காவும் இதில் இணைந்தன. ஆய்வாளர் மார்க் கிரெமாடெஸும் டாக்டர் இங் சூன் சாயும் இத்திட்டத்தில் முன்னின்று உழைத்தனர்.

டாக்டர் இங் சூன் சாய் பறவையியல் படித்தவர் அல்லர், மகப்பேற்று மருத்துவர். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983ஆம் ஆண்டு மே மாதம் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தது. அச்சாதனையை நிகழ்த்திய மருத்துவக் குழுவில் அவரும் ஒருவர். அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். நம் முன்னோர் மாடு வளர்த்து வாழ்ந்த பகுதியின் பெயரே மருத்துவமனைக்கும் வந்தது. அன்று மருத்துவமனை இருந்த ஹாம்ப்ஷயர் சாலையில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம் இயங்குகிறது. குழந்தை வேண்டிய குடும்பங்களுக்கு உதவிய மருத்துவர் ஒருவர், குஞ்சு பொரிக்க இடமின்றித் தவித்த பறவைக்கும் உதவ முன்வந்தார் என்பதை வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் விழி விரியக் கேட்பர்.

திட்டத்தினர் செய்த வேலை கேட்பதற்கு எளியது. மரப்பொந்தை ஒத்த கூண்டுகளைச் செய்து உயரமான மரங்களில் பொருத்தினர். பெண் பறவை உள்ளே அடைந்து முட்டையிடும் அளவுக்கு இடமும், வாயிலை அடைக்க வசதியான வடிவமும் அவற்றுக்கு இருந்தன. சில கூண்டுகளுக்குள் ஒளிப்பதிவுக் கருவிகளையும், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் கருவிகளையும் வைத்தனர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் இதில் துணை நின்றனர். இருவாச்சிகள் அக்கூண்டுகளை ஏற்றுக்கொண்டன.

கருவிகள் காட்டிய உண்மைகளுள் கசப்பானதும் ஒன்றுண்டு. சில வேளைகளில் தாய்ப்பறவையே நலிந்த கடைக்குஞ்சைக் கொன்று தின்றது, அல்லது அதன் உடன்பிறப்புகளுக்கு ஊட்டியது. அடைபட்ட பொந்துக்குள் நிகழ்வதால் முன்னர் யாரும் அதிகம் காணாத நிகழ்ச்சி இது. இதனை இளம்பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று பெற்றோர் கேட்கக்கூடும். மேல்நிலை மாணவர்களுக்குச் சொல்லலாம் என்பதே என் எண்ணம். தாயன்பின் சின்னமாக மட்டும் பறவையைப் பாடிக்கொண்டிருந்தால், இலக்கியம் கிடைக்கும், இயற்கை கிடைக்காது. இயற்கையை உள்ளபடி அறிந்து, அறிந்தபின்னும் அதனைக் காப்பதே கல்வி.

இன்று சிங்கப்பூரில் கருப்பு வெள்ளை இருவாச்சிகள் நூற்றுக்கு மேல் இருப்பதாகக் கூறப்படுகிறது. உபினில் தொடங்கியவை சாங்கிக்கும் பாசிர் ரிஸுக்கும் பரவி, பூமலையிலும் குடியிருப்புப் பேட்டைகளிலும் தென்படுகின்றன. அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் வந்தமரும் இருவாச்சியைப் படமெடுத்து அனுப்பும் பெற்றோரும் உண்டு. பழத்தோடு பல்லி, பூச்சி, பிற பறவைகளின் முட்டை, குஞ்சு ஆகியவற்றையும் அது உண்ணும் என்பதால், அதனைக் கண்டு முகம் சுளிப்போரும் உண்டு. திரும்பி வந்த விருந்தாளி நாம் விரும்பும் வண்ணமே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தல் முறையாகாது.

ஆனைமலையின் உறவு

தமிழகத்துப் பெற்றோர் இருவாச்சி என்றதும் நினைப்பது இதனினும் பெரிய இனத்தை. மஞ்சள் கொண்டையுடன் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள பெரிய இருவாச்சி அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நால்வகை இருவாச்சிகளுள் அதுவே மிகப் பெரியது. கேரளத்தின் மாநிலப் பறவையும் அதுவே. வால்பாறைப் பகுதியில் 1890களிலிருந்து காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் நட்டபோது, அங்கும் உழைத்தவர்கள் எளிய தமிழ்த் தொழிலாளர்களே. இன்று அத்தோட்டங்களுக்கிடையே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பினர் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு நாட்டு மரங்களை நட்டுக் காட்டை மீட்டு வருகின்றனர். கேரளத்து வாழச்சால் காட்டிலோ, ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை எடுத்து உண்ட காடர் பழங்குடியினரே கூடுகளின் காவலராயினர். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர்.

அந்தப் பெரிய இருவாச்சிக்கும் சிங்கப்பூரில் ஒரு வரலாறு உண்டு. 2018ஆம் ஆண்டில் ஜூரோங் பறவைப் பூங்காவில் ஜேரி என்னும் ஆண் பறவையின் கொண்டையில் புற்றுநோய் கண்டது. நோயுற்ற பகுதியை அகற்றி, முப்பரிமாண அச்சு முறையில் செய்த செயற்கைக் கொண்டையைப் பொருத்தினர். பறவை வழக்கம்போல் இறகு கோதும் சுரப்பியின் மஞ்சள் நிறத்தைப் புதிய கொண்டையின்மீதும் பூசிக்கொண்டது! ஜூரோங் பூங்கா 2023ஆம் ஆண்டு சனவரியில் மூடப்பட்டு, அவ்வாண்டு மே மாதத்தில் மண்டாயில் புதிய பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோர் கொண்டைகளை உற்று நோக்கச் செய்யுங்கள். இனத்துக்கு இனம் அவை மாறுபடும்.

பெயரும் ஒரு பொந்துதான்

என் வகுப்பில் ஒருமுறை இருவாச்சியின் படத்தைக் காட்டி, "இது என்ன பறவை?" என்று கேட்டேன். பல கைகள் உயர்ந்தன. ஆங்கிலப் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தம் வீட்டருகே கண்டதாகச் சிலர் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும் தயங்கி எழுந்து, "தமிழ்நாட்டில் இந்தப் பறவை கிடையாதா? அதனால்தான் தமிழில் பெயர் இல்லையா?" என்று வினவினாள்.

அவ்வினா என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. பெயர் இருக்கிறது, ஒன்றன்று, பல. ஆனால் அது பிள்ளையின் செவிக்கு எட்டும் வழி அடைபட்டிருக்கிறது. நம் பயிற்சித் தாள்களில் மயிலும் கிளியும் குயிலும் போதிய அளவு பறக்கின்றன. பிள்ளை தன் வீட்டுச் சன்னலில் காணும் பறவைக்கு அங்கே இடமில்லை. கண்ணால் காண்பதை ஆங்கிலத்திலும், காணாததைத் தமிழிலும் கற்கும் பிள்ளை, தமிழைத் தேர்வுக்குரிய மொழி என்று முடிவு கட்டிவிட்டால் அப்பிழை பிள்ளையினுடையதன்று. உபின் காட்டில் உணவிருந்தும் பொந்தின்றித் தவித்த இருவாச்சியைப் போன்றதுதான் சிங்கையில் தமிழ்ச் சொல்லின் நிலையும். பள்ளியில் தமிழ் பாடமாக இருக்கிறது, நூலகத்தில் நூல்கள் இருக்கின்றன. சொல் குடியிருந்து குஞ்சு பொரிக்க அன்றாடப் பேச்சில் ஓரிடம் வேண்டும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்குச் சில கருத்துகள். இருவாச்சியை ஒரு வாரத்துப் பாடப்பொருளாகக் கொள்ளலாம். பொந்து, எச்சம், கீற்று, கொண்டை, கோதுதல், ஊட்டுதல் எனப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இயல்பாகவே வந்து சேரும். எழுத்துப் பிழைக்கும் இங்கே ஒரு நல்ல பாடம் உண்டு. 'இருவாட்சி' என்பது மல்லிகை வகையைச் சேர்ந்த மலருக்குரிய பெயர். பறவையின் பெயரையும் சிலர் அவ்வாறே எழுதிவிடுகின்றனர். பறவைக்கு இருவாச்சி, பூவுக்கு இருவாட்சி என்று பிரித்து எழுதப் பழக்கினால் குழப்பம் வராது. சிராங்கூன், தேக்கா, கண்டாங் கெர்பாவ் ஆகிய இடப்பெயர்களை மாணவர்களையே ஆராயச் செய்யலாம். பறவையும் மூங்கிலும் எருமையும் அப்பெயர்களிலிருந்து வெளிவரும்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சாங்கிப் படகுத்துறையிலிருந்து உபினுக்குச் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். காலைப்பொழுதில் சென்றால் இருவாச்சியின் உரத்த குரலைக் கேட்கும் வாய்ப்பு மிகுதி. கண்டால் உணவு எறியாதீர்கள். கூடு இருக்கும் மரத்தை நெருங்காதீர்கள். பிள்ளை ஆங்கிலப் பெயரைச் சொல்லிச் சுட்டிக்காட்டும்போது, "ஆமாம், இருவாச்சி" என்று இயல்பாகச் சொல்லுங்கள். அடுத்த முறை அப்பெயரைப் பிள்ளையே முந்திக்கொண்டு சொல்லக்கூடும்.